பதில் தட்டு

கொட்டகையின் மூலையில் ஒரு கட்டைதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன.

சபாபதி கையிலிருந்த ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் எண்ணினான். இரண்டே இரண்டு பொருளை எண்ண ஒரு மனிதனுக்கு எத்தனை நேரம் ஆகும்? அவனுக்கு வெகுநேரம் ஆனது. ஒரு கட்டை காய்ந்து தூசி படிந்து கிடந்தது. மற்றது சொட்டச் சொட்ட நனைந்து, மேலெல்லாம் ஆற்றுச் சேறு வழவழக்க, கூரை ஓலையின் ஈர வாடையையும் மீறி அழுகிய பாசியின் நாற்றத்தை வீசிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு துளை. துளையில் ஒரு முழக் கயிறு.

அந்தக் கயிற்றை அவன் தன் கையாலேயே அவிழ்த்து அடுப்பில் போட்டிருந்தான். கட்டையைக் கோத்தா திங்கி டவுன் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளினான். செங்கால் மரம். இரும்பாகக் கனக்கும், மிதக்கிற சாதியே இல்லை. அது முழுகியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீடு திரும்பினான். பதினோரு மாதம் ஆகிறது.

வெள்ளம் கொண்டுவந்து போட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். வெள்ளம் கட்டையைக் கொண்டுவரும், சரி. எரிந்த கயிற்றையுமா கட்டிவிடும்? வசதிப்படாத கேள்விகளை ஓரங்கட்டுவதில் சபாபதி கெட்டிக்காரன். இல்லையென்றால் இந்தப் பதினோரு மாதமும் அவனுக்குச் சோறு இறங்கியிருக்காது.

தோட்டத்துத் துரையின் காருக்குச் செல்லப்பன் டிரைவர். சபாபதி அவனிடம் ஏழு வருடம் கிளீனர். ஒருவனுக்குக் காக்கிச் சட்டையும் தொப்பியும், மற்றவனுக்கு வாளியும் கந்தைத் துணியும். அந்தக் காரோ தரையோடு தரையாகப் பதுங்கிய வண்டி, அடியில் ஜாக்கி நுழையாது. முதலில் முன்சக்கரங்களை இரண்டு பலகைமேல் ஏற்றி, அதில் கிடைக்கும் நாலு விரல் இடத்தில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி, அச்சுக்கு இருபுறமும் கட்டை வைத்த பிறகு ஜாக்கியை எடுக்க வேண்டும். எண்ணெய் மாற்ற ஒருவன் அடியில் போவான், ஒருவன் வெளியே கட்டையைப் பார்த்துக்கொள்வான்.

இதில் செல்லப்பன் ஒரு சட்டம் வைத்திருந்தான். அடியில் படுத்தவன் வேலையைத் தொடங்கும் முன் ஸ்பேனரால் கட்டையில் மூன்று தட்டு தட்டுவான். கட்டை உறுதியாக இருந்தால் வெளியே இருப்பவன் மூன்று தட்டுப் பதில் தர வேண்டும். பதில் வரவில்லையென்றால் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

தன் வீட்டு வாசலில் காருக்கடியில் செல்லப்பன் படுத்திருந்த அன்றைக்குச் சபாபதி ஒரு கையால் பதில் தட்டினான். மறு கையால் கட்டையில் கோத்த கயிற்றை இழுத்தான்.

கார் செல்லப்பனை நசுக்கியபோது தான் கிணற்றடியில் இருந்ததாக எல்லாரிடமும் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். துரை சீமைக்குக் கிளம்பும்போது தொப்பியை அவனிடம் கொடுத்து, காரை அவன் வீட்டுக் கொட்டகையிலேயே நிறுத்தச் சொன்னார். நாளைக் காலை சிங்கப்பூருக்கு அவருடைய கப்பல் வருகிறது. வண்டி முக்கினாலும் முனகினாலும் தொப்பி போய்விடும். இதுவரை எண்ணெய் மாற்ற டவுனில் தவுக்கே என்கிற சீன முதலாளியின் பட்டறைக்குத்தான் ஓட்டிப்போவான். இப்போது பட்டறையில் இடுப்பளவு தண்ணீர். தெற்கே சிங்கப்பூர் போகிற ரோடு மட்டும் திறந்திருந்தது.

நனைந்த கட்டையைக் காலால் உருட்டி மழையில் தள்ளினான். அதற்குப் பதிலாக நேற்று அறுத்த ரப்பர் மரக் கட்டை ஒன்று இருந்தது. வெட்டுவாய் வெள்ளை வெளேரென்று இருந்தது. பலகைமேல் காரை ஏற்றி, ஜாக்கி போட்டு, இடப்பக்கம் வெள்ளைக் கட்டை, வலப்பக்கம் பழைய கட்டை என்று வைத்து முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அண்ணே."

வாசலில் வெள்ளையம்மா நின்றாள். செல்லப்பனின் பெண்டாட்டி. மூன்று வீடு தள்ளி அதே லயத்து வரிசையில் இருப்பவள். தலையில் கவிழ்த்த சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"இந்த மழையில என்ன வெள்ளையம்மா?"

"தட்டுற சத்தம் கேட்டுச்சு. காலைலேருந்து கேக்குது, மூணு மூணா. அவரு தட்டுற மாதிரியே இருந்துச்சு. பாக்கலாம்னு வந்தேன்."

சபாபதி காலையிலிருந்து எதையும் தட்டவில்லை.

"ஜாக்கிச் சத்தமா இருக்கும்."

"இருக்கும்." அவள் போகவில்லை. "கூட ஆளில்லியா?"

"சின்ன வேலைதானே. ஆளு எதுக்கு?"

"அவரும் அன்னிக்கு ஆளில்லாம உள்ள போயிட்டாருன்னுதான் சொன்னீங்க." சாக்கின் நிழலில் அவள் முகம் தெரியவில்லை. "நான் அப்ப அடுப்படில இருந்தேண்ணே. அவரு மூணு தட்டினாரு. பொறவு பதில் தட்டும் கேட்டுச்சு. நீங்க கெணத்தடில இருந்தீங்க. அப்ப பதில் தட்டினது யாரு?"

பதினோரு மாதமாக அவள் கேட்காத கேள்வி. குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. அரிசி இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"சரி. நீங்க வேலயப் பாருங்க. நான் நிக்கிறேன்."

இப்போது பின்வாங்கினால் அதுவே அவளுக்குப் பதிலாகிவிடும். சபாபதி இரண்டு கட்டைகளையும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. வெள்ளைக் கட்டை வெள்ளையாகவே இருந்தது. மண்ணெண்ணெய் டின்னை அறுத்துச் செய்த தொட்டியைத் தள்ளிக்கொண்டு, மல்லாந்தபடி உள்ளே நகர்ந்தான்.

மூக்குக்கு ஒரு சாண் மேலே எஞ்சின். சூடு இன்னும் ஆறாத இரும்பு டிக் டிக்கென்று சுருங்கியது. ஓலையில் மழை அடித்தது, ஓரத்து ஓடையில் தண்ணீர் களகளவென்று ஓடியது. அவன் தட்டவில்லை, தட்டவும் மாட்டான். போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பெண்ணெய் சுடச்சுட இறங்கித் தொட்டியில் விழுந்தது. வலது பக்கம் வெள்ளையம்மாவின் வெறுங்கால்கள் தெரிந்தன. அவை அசையாமல் நின்றன.

எண்ணெய் மெலிந்தது. நூலானது. சொட்டானது. கடைசிச் சொட்டுகள் டின்னின் தகர விளிம்பில் விழுந்தன.

டக்.

டக்.

டக்.

மூன்று. மூன்றோடு சொட்டு நின்றுவிட்டது.

இடது காதோரம் மரத்தில் பதில் வந்தது. நிதானமாக. மூன்று தட்டு.

தலையைத் திருப்பினான். பாசி நாற்றம் முகத்தில் அடித்தது. கட்டை வெள்ளையாக இல்லை. கறுப்பு. ஈரம். சேறு. நடுவில் துளை. அதற்கு அப்பால், மழையில், ரப்பர் கட்டை வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"வெள்ளையம்மா." குரல் அவனுடையதாகவே இல்லை. "கட்டயப் புடி. சீக்கிரம் புடி."

அந்தக் கால்கள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"அவரு புடிச்சிருக்காருண்ணே."

துளையிலிருந்து கயிறு சேற்றில் தொய்ந்து கிடந்தது. அதன் மறுமுனையில் ஐந்து விரல்கள். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். நகக்கண்களில் பழைய கறுப்பெண்ணெய்.

கயிறு சேற்றைவிட்டு மெதுவாக எழுந்தது. நேரானது. விறைத்தது.