பன்னிரண்டு பெட்டிகளுக்கான அலமாரி

சரிந்து கிடந்த பெட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

காலை ஏழு மணி. ஜப்பானின் ஐச்சியில், பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையின் ஸ்டோர்.

இறந்தவர் கிரியாமா. திட்டப் பிரிவுத் தலைவர்.

"அவருக்கும் உங்களுக்கும் ஆகாதாமே?" இன்ஸ்பெக்டர் மொசுமி கேட்டார்.

ஸ்டோர் தலைவி ஹோரிபே மறைக்கவில்லை.

"மூணு மாசமா போட்டி சார். என் லைன்ல கார்டு. ஒரு பெட்டி காலியானா அதோட கார்டு திரும்பிப் போகும். அப்புறம்தான் அடுத்த பெட்டி செய்வாங்க. அவர் லைன்ல கம்ப்யூட்டர். என்ன விக்குதுன்னு பார்த்து, கையில எவ்வளவு இருக்கணும்னு தினமும் அதுவே மாத்தும். யார்கிட்ட சரக்கு தேங்கலையோ, அவங்க முறைதான் இனிமே."

"ஜெயிச்சது?"

"அவர்தான். எங்க பக்கம் ஏன் குவியுதுன்னே புரியல..."

"கொல்றதுக்கு அது போதுமே."

ஹோரிபே சரிந்த பெட்டிகளின் பக்கம் குனிந்தாள். அவற்றில் இருந்த பாகத்துக்கு இருப்பது பன்னிரண்டே கார்டுகள். அதற்கு மேல் பெட்டி வரவே முடியாது.

மனதுக்குள் எண்ணினாள்.

நாற்பது!

எல்லாவற்றிலும் கார்டு. ஒரே எண், மூன்று நான்கு கார்டுகளில்.

போலி.

அதற்குள் உடலை வெளியே எடுத்திருந்தார்கள். சட்டைப் பையில் ஒரு காகிதம். மொசுமி படித்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

'ஹோரிபே சான், உங்கள் பக்கம் யாரோ போலிக் கார்டு சேர்க்கிறார்கள். இப்படி ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை. நாளை பேசுவோம்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். இந்த மனிதரையா மூன்று மாதமாகத் திட்டித் தீர்த்தாள்?

தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நுமாதா நின்றிருந்தார். பத்தொன்பது வருடமாக அவளுடைய உதவியாளர். சூடான காபி டின்னை நீட்டினார்.

"கார்டுல போலி கலந்திருக்கு, நுமாதா சான்."

"எவன் பார்த்த வேலை இது? இருபத்தெட்டு கார்டு அடிக்கணும்னா எவ்வளவு துணிச்சல் வேணும்..."

காபியை வாங்க நீண்ட கை நின்றது.

"நான் எத்தனைன்னு சொல்லலையே."

நுமாதாவின் முகம் வெளுத்தது. மொசுமி நெருங்கி வந்தார்.

"கார்டு தோத்தா, கம்ப்யூட்டர் பிரிவுல எனக்குத் தலைவர் பதவின்னு மேல சொன்னாங்க..." நுமாதா தரையைப் பார்த்தார். "எத்தனை வருஷம் உங்களுக்குக் கீழயே இருக்கிறது? நேத்து சாயங்காலம் அவர் கார்டை எண்ணிக்கிட்டு இருந்தார். பாரம் தாங்காம அலமாரி ஏற்கெனவே சாஞ்சிருந்தது. நான்... தள்ளிட்டேன்."

"இங்க முதல் கார்டை என்கூட உக்காந்து வெட்டினது நீங்கதானே?" ஹோரிபேயின் குரல் உடைந்தது. "எதிரின்னு நெனச்சவர் எனக்காகச் செத்துப்போனார். நீங்க..."

விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

"உங்ககிட்ட நிறைய வாக்குமூலம் தேவைப்படும்மா," என்றார் மொசுமி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேக்கறப்போ கேக்கற அளவு தரேன் சார். முன்கூட்டியே செஞ்சு அடுக்கி வைக்கிற பழக்கம் எங்க லைன்ல கிடையாது."