ஒழுங்கை முனையில் ஒரு சாட்சி

சட்டத்தரணி பேர்ணடெற்றின் கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறைக்குள் அந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தபோது, ஸஹாப்தீன் பிளேன்ரீயில் பணிஸைத் தோய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தொழில் ஓட்டோ ஓட்டுவது. ஆனால் பேர்ணடெற்றை நீதிமன்றத்துக்கு ஏற்றி இறக்கி, வழி நெடுகக் கதை கேட்டு, தானும் பாதித் துப்பறிவாளன் என்றொரு நினைப்பு அவனுக்கு. சும்மா சொல்லக்கூடாது, நினைப்பு கொஞ்சம் கூடத்தான்.

“பிள்ளை, என்ர மகனைக் காப்பாத்தித் தாங்கோ!”

மயிலம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். மகன் கேதீஸ்வரனோடு, துறைமுகத்தில் வேலைபார்க்கும் றேமண்டின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தார்.

“நேற்று ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வேதக்கோயில் பூசைக்குப் போன நேரம் வீட்டுக்கார றோஸி அம்மாவின்ர மகளுக்குச் செய்த கலியாண நகை முழுக்கக் களவு போட்டுது. என்ர பிள்ளைதான் பையோட வெளிய போனவன் எண்டு றேமண்டின்ர தம்பி சொல்லிப்போட்டார். நகையை இயக்கத்துக்குக் குடுத்திட்டானாம் எண்டு நேற்றுப் பின்னேரமே பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது. இண்டைக்குப் பின்னேரம் தடுப்புக் காவலுக்கு எழுதப் போயினமாம்.”

ஸஹாப்தீன் தோய்த்த பணிஸை அப்படியே கீழே வைத்தான். வெறும் களவு என்றால் நீதவான் முன் நிறுத்துவார்கள். வாதாடலாம், பிணை கேட்கலாம். புலி என்று தடுப்புக் காவலுக்கு எழுதிவிட்டால் பையன் எந்த முகாமில், எத்தனை வருஷம் என்று கேட்க நாதியில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கொழும்பில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பேர்ணடெற் பதறவில்லை. “உங்கட ஐசியைக் காட்டுங்கோ, அம்மா.”

மயிலம்மா சட்டைக்குள்ளிருந்து அடையாள அட்டை போட்ட பிளாஸ்ரிக் உறையொன்றை எடுத்து நீட்டினார். பேர்ணடெற் முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், உறையைத் திருப்பிக் கொடுத்தார்.

“நேற்று எங்க போனீங்கள்?”

“வெள்ளவத்தைக்கு, அறிஞ்ச சனத்திட்ட. விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம்தான் வந்தனான்.”

“மகன்?”

“வீட்டு வாசலைத் தாண்டேல்லை எண்டு சத்தியம் பண்ணுறான். ஆர் நம்புவினம்?” என்ற மயிலம்மாவின் தலை ஏனோ தாழ்ந்தது.

றேமண்டின் வீடு முட்டு ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. பின்னால் துறைமுக மதில். வெளியே போக ஒரே வழி ஒழுங்கை முனைதான். அங்கே மணல் மூட்டை அடுக்கி, ஒரு சென்றி. போகிற வருகிறவர்களையெல்லாம் ஆமிக்காரன் மறித்து அடையாள அட்டை பார்ப்பான்.

வீட்டில் றேமண்டின் மனைவி றோஸி அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தாள். றேமண்டின் தம்பி கொன்ஸ்ரன்ரைன்தான் கதிரை போட்டு, சோடா உடைத்து, விழுந்து விழுந்து உபசரித்தான்.

“பூசையில எனக்குத் தலையிடி வந்திட்டு. கோயில் வாசலுக்கு வெளியதானே ஆம்பிளையள் நிக்கிறது, அப்படியே வந்திட்டன். ஒழுங்கை முனையில பொடியன் எதிர்ல வந்தான், கையில பை. சென்றியில ஐசியைக் காட்டிட்டுக் கிராண்ட்பாஸ் பக்கமாப் போனான்.”

“ஐசியைக் காட்டினதை நீங்களே கண்டீங்களா?”

“இந்தக் கண்ணால கண்டன், மிஸ். சேர்ட் பொக்கற்றில இருந்து எடுத்துக் குடுத்தான். ஆமிக்காரன் பாத்திட்டு விட்டான்.”

ஸஹாப்தீன் முனைக்கு ஓடி, சிங்களத்தில் கேட்டுவிட்டு வந்தான். ஆமிக்காரனுக்கு நூறு முகத்தில் ஒரு முகம் ஞாபகமில்லை. அட்டை இல்லாத ஒரு தமிழனையும் தான் தாண்ட விடவில்லை என்று மட்டும் அடித்துச் சொன்னான்.

“அப்ப பொடியன் போயிருக்கலாம் போல ஈக்கிது, மிஸ்,” என்று அவன் முகத்தைத் தொங்கப் போட்டான். பிறகு நடையில் கிடந்த வைக்கோல் துரும்பைக் குனிந்து எடுத்தான். “நீங்க ஆடு வளக்கிறீங்களா?”

“ஆடா? இங்க மனுசருக்கே இடமில்லை!” என்றாள் றோஸி. “சனிக்கிழமைதான் வீடு முழுக்கக் கூட்டினன்.”

பேர்ணடெற் துரும்பையும் பார்த்தார், தலைக்கு மேலே பலகைப் பரணையும் பார்த்தார். “ஸஹாப்தீன், வெள்ளவத்தைச் சென்றியில நேற்றுக் காலமை பொம்பிளையளைச் சோதிச்ச பொலிஸ் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்க. மேலதிகாரியோட நான் போன்ல கதைக்கிறன்.”

அவன் ஓட்டோவைப் பறக்க விட்டான்.

மத்தியானம் றேமண்டின் வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். நகை கிடைக்கும் என்று பேர்ணடெற் சொன்னதால் பொலிஸ் இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். வேண்டாவெறுப்பாக மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொன்ஸ்ரன்ரைன், கண்டதை இன்னொருக்காச் சொல்லுங்கோ,” என்றார் பேர்ணடெற். அவன் சொன்னான். ஐசி, சேர்ட் பொக்கற், ஒன்றும் பிசகவில்லை.

பேர்ணடெற் வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்த பொலிஸ்காரியைப் பார்த்தார். அவள் சிங்களத்தில் சொன்னாள்: “நேற்றுக் காலை இந்த அம்மா காட்டிய உறைக்குள் முதுகோடு முதுகாக இரண்டு அட்டை இருந்தது. பின்பக்கத்தில் ஒரு பையனின் படம். ‘மகனின் அட்டையை நீ கொண்டு திரிந்தால் அவன் எப்படித் தெருவில் இறங்குவான்?’ என்று ஏசித்தான் விட்டேன்.”

மயிலம்மா விம்மி வெடித்தார். “ஓம், பிள்ளை! இடம்பெயரேக்க துலைஞ்சிடும் எண்டு ரெண்டையும் ஒரே உறைக்குள்ள போட்டு நெஞ்சோட வச்சனான். அந்தப் பழக்கம் விடேல்லை. மற்றாளின்ர ஐசி வச்சிருந்தது குற்றம் எண்டு என்னையும் பிடிச்சா பிறகு அவனுக்கு ஆர் எண்டு பயந்து வாயைத் திறக்கேல்லை.”

“ஆக, கேதீஸ்வரனின்ர அட்டை வெள்ளவத்தையில. அட்டையில்லாத தமிழனை ஆமிக்காரன் விடேல்லை. அப்ப இவர் கண்டது ஆரை?” பேர்ணடெற் கொன்ஸ்ரன்ரைன் பக்கம் திரும்பினார். “வடக்குப் பொடியள் அட்டையை நீட்டுறதை நாள் முழுக்கப் பாக்கிறீங்கள். அதால பொய்யிலயும் ஒரு அட்டையை நீட்ட வச்சிட்டீங்கள். பொய்யை நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தில நிறுத்தத் தெரியேல்லை.”

கொன்ஸ்ரன்ரைன் வாசல் பக்கம் பார்த்தான்.

“வைக்கோலுக்கு வருவம். எங்கட கத்தோலிக்க வீடுகளுக்குள்ள வைக்கோல் வாறது நத்தாருக்கு யேசு பாலன் குடில் கட்டத்தான். பிறகு குடில் பெட்டி பரணுக்கு ஏறினா அடுத்த மார்கழிதான் இறங்கும். ஆடி மாசத்தில அதை ஆர் திறந்தது? ஸஹாப்தீன், ஏறுங்க!”

அவன் ஏறினான். அல்லாஹ்வே, அந்தத் தூசு! தும்மித் தும்மிப் பெட்டியைத் திறந்து, குடில் பொம்மைகளான சூசையப்பரையும் மாட்டையும் பக்குவமாக ஒதுக்கி, வைக்கோலுக்கு அடியில் கையை விட்டான். துணி முடிச்சொன்று வந்தது. அவிழ்த்தால், பவுண் பளபளத்தது. றோஸி போட்ட கூச்சலில் ஒழுங்கையே திரண்டுவிட்டது.

“ஏனடா?” றேமண்டின் குரல் உடைந்தது.

“இத்தாலிக்குப் போகத்தான். காசு கேட்டுக் கேட்டு அலுத்திட்டன். வீடும் உன்ர மகளுக்கு, நகையும் உன்ர மகளுக்கு. நான் ஆர் இந்த வீட்டில?”

“அந்தப் பொடியன் என்ன செய்தவன்?” என்று கேட்டார் பேர்ணடெற்.

கொன்ஸ்ரன்ரைன் நிலத்தைப் பார்த்தான். “அவனைச் சொன்னா ஒருத்தரும் மேல கேள்வி கேக்க மாட்டாங்க எண்டு நினைச்சன்.”

அவன் சொன்னது பொய்யில்லை. நேற்றுப் பின்னேரத்திலிருந்து உண்மையாகவே ஒருவரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர்கூட வேறு பக்கம் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். “சரி மிஸ், இவனும் தமிழன்தானே. எழுதி வைத்த தடுப்புக் காவல் ஓடரில் பெயரை மாற்றி, இவனை அனுப்பிவிடுகிறேன்.”

“அனுப்புங்க, சேர்!” என்று ஸஹாப்தீன் துள்ளினான்.

“இல்லை,” என்றார் பேர்ணடெற். அன்றைக்கு முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. “இவர் கள்ளன். கள்ளனுக்கு நீதவான் இருக்கிறார், வழக்கு இருக்கு, தண்டனை இருக்கு. இண்டைக்கே அங்க நிறுத்துங்க. அந்த ஓடரை என்ர கண்ணுக்கு முன்னால கிழியுங்க.”

இன்ஸ்பெக்டர் சட்டைப் பைக்குள்ளிருந்து கடதாசியை எடுத்து நாலாகக் கிழித்தார். ஸஹாப்தீன் தலையைச் சொறிந்துகொண்டு, “மிஸ் சொன்னா சரிதான்,” என்றான்.

பொலிஸ் நிலையத்துக்கு அவன் ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டே போனான். உள்ளே ஒரு கொஸ்தாப்பல் சிறைக் கூட்டுக் கம்பியைத் தட்டிக் கேதீஸ்வரனின் பெயரைக் கூப்பிட்டான். பையன் எழும்பவில்லை. இரவு அங்கே பெயர் கூப்பிட்ட ஒருவரும் திரும்பி வராததை அவன் கண்டிருந்தான். சுவரோடு ஒட்டி, முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

கொஸ்தாப்பல் இன்னொரு தரம் கூப்பிட வாயெடுக்க முன்னமே, வாசலில் நின்ற மயிலம்மா, பொலிஸ் என்றும் பாராமல், ஊரில் வயல் வரம்பில் நின்று கூப்பிடுகிற குரலில் கத்தினார்:

“டேய் கேதீஸ்! நான்தானடா, அம்மா! எழும்பி வா, வீட்ட போவம்!”

பையன் எழும்பி வந்தான்.