தொண்ணூறுகளின் கைகள்

கடற்கரையில் லூர்து சட்டென்று திரும்பி, கைகளை அகல விரித்து, "என்னைக் கட்டிக்கிடுவியா மெர்லின்?" என்று கேட்டபோது அவள் மணிக்கட்டிலிருந்த சாயல்மானி அதிர்ந்தது. அதன் திரையைப் பார்த்த மெர்லின் சிரித்துவிட்டாள்.

"என்னத்துக்குச் சிரிக்க?"

"நீ திரும்புனது, கை விரிச்சது, குரல் கம்முனது, எல்லாமே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுகள் படம்னு காட்டுது."

"அந்தக் காலத்துப் படம் ஒண்ணுகூட நான் பாத்ததில்லையே!"

உண்மைதான். அந்தப் படங்கள் வந்து நூறாண்டு ஆகிவிட்டது. ஒருவரின் அசைவு எந்தக் காலத்துத் திரையிலிருந்து கிளம்பியது என்று சாயல்மானி சொல்லும். அதை உருவாக்கிய தூத்துக்குடி ஆய்வகத்தில்தான் மெர்லினுக்கு வேலை. படம் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். பார்த்தவர்களைப் பார்த்தவர்கள், அவர்களைப் பார்த்தவர்கள் என்று அந்தப் பத்தாண்டு உடம்புக்கு உடம்பு தாவி வந்திருந்தது.

"நான் மனசுல இருந்துதான் கேட்டேன்," என்றான் லூர்து. முகம் வாடக் கடற்கரையை விட்டுக் கிளம்பினான்.

அவளிடம் சொல்லாமலே சாயல்நீக்கம் செய்துகொண்டான். தலையில் வலைத்தொப்பியை மாட்டி, பழக்கத்தால் தடம் விழுந்த நரம்புப் பாதைகளைத் தளர்த்திவிடும் சிகிச்சை அது. அவள் வீட்டு வாசலில் வந்து நின்றவனுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கண் கலங்கியது, துடைக்கத் தோன்றவில்லை.

"என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்க?" பதறிப்போனாள் மெர்லின்.

அவன் குனிந்து, அவள் உள்ளங்கையை எடுத்துத் தன் பிடரியில் வைத்துக்கொண்டான்.

சாயல்மானியின் திரை வெறுமையாக இருந்தது. அப்படியொரு வெறுமையை அவள் எந்த மனிதரிடமும் கண்டதில்லை.

"கட்டிக்கிடுதேன்," என்றாள்.

திருமண வரவேற்பில் அவன் மறுபடி அப்படிச் செய்தான். விருந்தினர்களின் சாயல்மானிகள் ஒன்றும் காட்டாமல் திகைத்தன. யாரோ படம்பிடித்துப் பரப்பினார்கள். சில மாதங்களில் பேருந்து நிறுத்தங்களிலும் தேநீர்க் கடைகளிலும் காதலர்கள் குனிந்து பிடரியைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நாடகத் தொடர்களில் வந்தது. சோப்பு விளம்பரத்திலும் வந்தது. ஆய்வகம் சாயல்மானியில் புதிய பத்தாண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. சேர்த்தவள் மெர்லினேதான்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் அப்பா இறந்தார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, ஈரச் சேலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். லூர்து வந்து குனிந்து, அவள் உள்ளங்கையை எடுத்துப் பிடரியில் வைத்தான்.

கழற்ற மறந்திருந்த சாயல்மானி அதிர்ந்தது. இந்தப் பத்தாண்டு. முழுச் சாயல்.

"லூர்து, இப்ப இது நீயா செஞ்சதா, ஊர் செய்யுததைப் பாத்துச் செஞ்சதா?"

குனிந்தபடியே அவன் யோசித்தான். "தெரியலையே மெர்லின்," என்றான்.

அவள் கையை எடுக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது யாருடைய அழுகை என்று பார்க்க அவள் கண் மணிக்கட்டுக்குப் போனது.