கடைசித் தையல்

செப்டம்பர் கடைசியில் ஸ்வான்ஹில்ட் கப்பல் அந்த வளைகுடாவுக்குள் நுழைந்தபோது, நல்ல இடம் கிடைத்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். காற்றுக்கு மறைவு இருந்தது, கரையில் சீல்கள் படுத்திருந்தன. கேப்டன் ரூஸ்தாட் வரைபடத்தில் அந்த இடத்துக்குத் தன் மகளின் பெயரை எழுதினார். நான்காம் நாள் கடல்மேல் பாலேடு மாதிரி ஒரு படலம் கட்டியது. பத்தாம் நாள் ஆட்கள் கப்பலைச் சுற்றிக் காலார நடந்தார்கள். அக்டோபர் முடிவில் போன சூரியன் பிப்ரவரி வரை வராது. அதுவரை பதிமூன்று பேரும் விளக்கு வெளிச்சத்தில் இருக்கவேண்டியதுதான்.

கப்பலின் தச்சன் ஸீவெர்ட்டுக்கு இது மூன்றாவது பயணம். இருட்டு அவனுக்குப் பழக்கம். பழகாதது எய்லர்ட்டின் அலறல்.

எய்லர்ட் கொதிகலனுக்குக் கரி போடுகிறவன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஸ்கர்வி நோயில் அவன் ஈறுகள் கறுத்தன. எப்போதோ ஆறிப்போன காயங்கள் தாமாகப் பிளந்தன. அவன் படுக்கை ஸீவெர்ட்டின் படுக்கைக்கு நேர் கீழே. பதினோரு நாள், பெண்டாட்டி பேரைச் சொல்லி அலறினான். மேலே படுத்திருந்த ஸீவெர்ட் காதில் கம்பளித் துணியைத் திணித்துக்கொண்டு, சீக்கிரம் முடியட்டும் என்று வேண்டிக்கொண்டான். முதலில் எய்லர்ட்டுக்காக வேண்டினான். பிறகு தன் தூக்கத்துக்காக.

பன்னிரண்டாம் நாள் அலறல் நின்றது. டாக்டர் எய்லர்ட்டின் வாயருகே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, போய்விட்டான் என்றார். அந்த அறையின் குளிரில் கண்ணாடிமேல் ஏற்கெனவே உறைபனி பூத்திருந்தது. அதில் மூச்சு பட்டதா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்?

உடலைப் பாய்த்துணியில் வைத்துத் தைப்பது தச்சன் வேலை. கடைசித் தையலை மூக்கு நுனி வழியாக இழுப்பது பழைய மாலுமிகளின் வழக்கம். கொஞ்சம் உயிர் ஒட்டியிருந்தாலும் அந்த வலியில் ஆள் முனகிவிடுவானாம். ஸீவெர்ட் ஊசியைச் செருகினான். எய்லர்ட் முனகவில்லை.

ஆனால் ஊசி நுழைந்த இடத்தில் சிவப்பாக ஒரு துளி எழும்பியது. எழும்பி, உருண்டு, மீசையில் இறங்கியது.

சூடாக இருந்தது.

அந்த நேரம் சமையல்காரன் மதியாஸ் கதவுக்குள் தலையை நீட்டினான். "முடிஞ்சுதா, ஆசாரி? பனியில வெட்டின ஓட்டை மறுபடி மூடிக்கிட்டு வருது. கேப்டன் கால் மரத்துப்போய் நிக்கறாரு."

ஸீவெர்ட் கட்டைவிரலால் அந்தத் துளியைத் துடைத்தான்.

"முடிஞ்சுது," என்றான். முடிச்சை இறுக்கினான்.

காலில் இரும்பைக் கட்டி, அந்த ஓட்டை வழியாக உடலைக் கடலில் இறக்கினார்கள். ஸீவெர்ட் ஆறு நாள் நிம்மதியாகத் தூங்கினான். ஏழாம் நாள், மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு சற்றுச் சாய்ந்திருந்தபோது, கப்பலின் அடியிலிருந்து சத்தம் கேட்டது.

மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மூன்று தட்டு.

பனிக்கட்டி நெரிகிறது என்றான் மதியாஸ். பனிக்கட்டி முனகும், கிறீச்சிடும், பீரங்கி மாதிரி வெடிக்கும். எண்ணி எண்ணித் தட்டாது. மரத்தோடு முப்பது வருடம் வாழ்ந்தவனுக்கு, மரத்தைத் தொடுவது எது என்று தெரியும். இது விரல் முட்டி.

முதலில் சத்தம் பின்பக்கம் சுக்கானருகே இருந்தது. மறுநாள் கரி அறைக்கு அடியில். அதற்கடுத்த நாள் சமையலறைக்கு அடியில். ஒவ்வோர் இடமாகத் தட்டி, யாரையோ தேடுகிற மாதிரி.

ஐந்தாம் நாள் அது ஸீவெர்ட்டின் படுக்கைக்குக் கீழே வந்து நின்றது.

அவன் படுக்கையை முன்பக்கத்துக்கு மாற்றினான்.

அதுவும் வந்தது.

அன்றைக்கே கேப்டனின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டான். ரத்தத்தையும் சொன்னான், தூக்கத்துக்காக வாயை மூடிக்கொண்டதையும் சொன்னான். கேப்டன் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"யாருகிட்டயும் சொல்லாத," என்றார். "கோடாலிய எடு."

இருவருமாகப் பழைய ஓட்டையை வெட்டித் திறந்தார்கள். மேலே நடுப்பகல் நிலா. கறுப்புத் தண்ணீர் ஒருமுறை கொப்பளித்து அடங்கியது. பிறகு, கட்டியனுப்பிய இரும்பு எதுவும் இல்லாமல், பாய்த்துணி மட்டும் மெல்ல மிதந்து வந்தது.

ஸீவெர்ட் போட்ட தையல்கள் அத்தனையும் உள்ளிருந்து அறுக்கப்பட்டிருந்தன. கடைசித் தையல் மட்டும் அறுபடவில்லை. அந்த நூலில் நகத்தளவு தோல் தொங்கியது.

"பெரிய மீனு ஏதாவது கிழிச்சிருக்கும்," என்றார் கேப்டன். அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்டிருக்காது.

ஜூலையில் கடல் விட்டுக்கொடுத்தது. இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் தட்டல் கேட்கவில்லை. அல்லது இயந்திர இரைச்சலில் கேட்க முடியவில்லை.

ட்ரோம்ஸோ துறைமுகத்தில் எய்லர்ட்டின் மனைவி போர்கில்ட் காத்திருந்தாள். கேப்டன் தகவலைச் சொல்லி முடித்த பிறகும் போகாமல், ஸீவெர்ட்டிடம் வந்தாள்.

"நீதான தச்சு அனுப்பினே? ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு."

அவள் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் கும்பிடுகிற மாதிரி நெற்றியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அன்று முழுக்க அவனுக்குத் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்துக் கப்பலைப் பழுதுபார்க்கக் கரையேற்றினார்கள். மேஸ்திரி ஆள் அனுப்பி ஸீவெர்ட்டைக் கூப்பிட்டார். நல்ல வெயில். கப்பல் முழுவதும் தண்ணீருக்கு வெளியே, கட்டைகள்மேல் நின்றிருந்தது. அதன் வயிற்றுப் பலகையை மேஸ்திரி காட்டினார். பனிக்கட்டி கிழிக்காமலிருக்க அடித்த, ஆணி இறங்காத மரம் அது.

சுக்கானிலிருந்து முன்பக்கம் வரை அதில் கீறல்கள். ஐந்தைந்தாக.

"எந்தப் பனிக்கட்டிப்பா இப்படிக் கீறும்?" என்று கேட்டார் மேஸ்திரி.

ஸீவெர்ட் கீறல்களைத் தொட்டுக்கொண்டே நடந்தான். கரி அறை. சமையலறை. அவனுடைய பழைய படுக்கை. முன்பக்கம், அவன் மாற்றிப் போட்டுக்கொண்ட இடம். அங்கே கீறல்கள் நின்றுபோயின. அந்த இடத்தில் இரண்டு பலகைகள் விலகி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. விளிம்புகள் உள்பக்கமாக மடங்கியிருந்தன.

இதை வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தது எப்படி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லையா என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டே போனார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்றான் ஸீவெர்ட்.

"எல்லாரையும் காலையிலயே இறக்கியாச்சு. காலிக் கப்பல்."

ஸீவெர்ட் கையைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

அவன் உள்ளங்கைக்கு நேர் எதிரே, மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக மூன்று தட்டு.