எதிர்க்கண்ணுக்கு ஒரு காபி

நொய்யல்பாளையத்தில் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கையில் குடையோடுதான் கிளம்புவார்கள். வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இருக்காது. குடை மழைக்கும் அல்ல, வெயிலுக்கும் அல்ல. பேருந்து நிறுத்தம் நெருங்கியதும் அதை விரித்து, வலது கன்னத்தோடு ஒட்டிக் கேடயம் போலச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று கடந்துவிடுவார்கள். அந்த இடத்தில் ஆடுகள்கூட இடது பக்கம் பார்த்துத்தான் மேயும் என்று துளசிமணி சத்தியம் செய்வாள். அவள் சத்தியத்தில் பாதியைக் கழித்துவிட்டு நம்பலாம்.

வலது பக்கம் நின்றது தொகுதிப் பலகை. இரண்டு ஆள் உயரம், நல்ல வெளிச்சம். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார், தேர்தலுக்கு யாரெல்லாம் அவருக்குக் கொடை தந்தார்கள், தொகுதிக்குள் எப்போது காலடி வைத்தார் என்பதெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி ஒரு திறந்த ஆட்சியை உலகம் கண்டதில்லை. பார்க்கத்தான் ஆளில்லை.

காரணம் சமபார்வைச் சட்டம். நீங்கள் உறுப்பினரை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்களோ, அவ்வளவு நேரம் அவர் உங்களைப் பார்ப்பார். யாருடைய விழி தன்மேல் நின்றது என்று பலகை குறித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் நெல்லிக்காய் பருமனில் ஓர் எதிர்க்கண் உங்கள் வீட்டுக்குள் பறந்து வரும். அது கண்டதை உறுப்பினர் விரும்பினால் ஊரார் கைப்பேசிகளுக்கெல்லாம் அனுப்பலாம். சட்டம் வந்த புதிதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் துணிந்து பலகையைப் பார்த்தார். மறுநாள், அவர் தம் சுருட்டை முடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போகும் காட்சி ஊருக்கெல்லாம் வந்தது. அன்று மதியமே அவர் ஈரோட்டுக்குக் குடிபோனார். செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஊரில் குடைக் கடைகள் பெருகின.

துளசிமணிக்கும் ஒரு ரகசியம் உண்டு. அது ஆறடி உயரம், பெயர் ஜப்பார்.

கல்யாண மண்டபத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் துளசிமணி. மைக் பழுதானால் மண்டபத்தார் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு குரல். கணவர் போய் வெகுகாலம் ஆயிற்று. ஜப்பார், மின்பேருந்து ஓட்டுநராக இருந்தவர், மனைவியை இழந்தவர். தினமும் காலையில் பின்வாசல் வழியாக வருவார். காபி குடிப்பார், கேரம் ஆடுவார், தோற்பார். துளசிமணி முழங்கையால் காயைத் தள்ளுவது தெரிந்தே தோற்பார். அவள் மாரியம்மன் பொங்கலுக்கு முதல் பானை வைக்கிறவள். அவர் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் முதல் வரிசை. கோயம்புத்தூரில் இருக்கும் மகன் பிரணவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகும், தெருவுக்குத் தெரிந்தால் வாசலில் கூட்டம் கூடும். ஆகவே பின்வாசல்.

அந்த வாரம் கரைத்தெருவின் மேல் அளவைப் பறவைகள் வட்டமிட்டன. இயந்திரப் பறவைகள்தான், ஆனாலும் எச்சம் போலவே சுவருக்குச் சுவர் மஞ்சள் புள்ளி வைத்துவிட்டுப் போயின. செங்குளத்தையும் அதன் கரையிலிருந்த தெருவையும் ஒரு கணிப்பு நிலையத்துக்குக் கொடுக்க மசோதா வந்திருக்கிறதாம். உலகத்துக் கணினிகள் யோசித்து யோசித்துச் சூடேறினால், அந்தச் சூட்டை ஆற்றச் செங்குளத்துத் தண்ணீர் வேண்டுமாம். முதல் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. கடைசி வாக்கெடுப்பு வெள்ளிக்கிழமை. சட்டமன்றம் சரிபாதியாகப் பிளந்து கிடப்பதாகப் பேச்சு.

“நம்ம எம்.எல்.ஏ. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாப்ல?” என்றாள் துளசிமணி, ஸ்ட்ரைக்கரைச் சுண்டியபடி.

“ஆருக்குத் தெரியுமுங்க” என்றார் ஜப்பார். “நமக்காகத்தான் போட்டேன்னு வாய்ல சொல்லிட்டுத் திரியறாரு.”

“நான் போய்ப் பாக்கப் போறேன்.”

ஜப்பாரின் விரல் நின்றது. “வேண்டாம் அம்மிணி. அந்தக் கண்ணு ஈயாட்டம் பறந்து வந்துச்சுன்னா நான் எங்க போறது? உன்ற பையன் என்ன சொல்லுவான்?”

“வீடே போனதுக்கப்பறம் பின்வாசல் எங்கிருந்து வரும்? எந்த வாசல்ல நீங்க வருவீங்க?”

ஜப்பார் ஸ்ட்ரைக்கரை அவள் பக்கம் தள்ளினார். அந்த ஆட்டத்தை மட்டும் துளசிமணி ஏமாற்றாமல் ஆடினாள். அவள் மனசு எவ்வளவு கலங்கியிருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

மறுநாள் காலையில், மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். குடை கொண்டுபோகவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். சுற்றியிருந்த குடைகள் எல்லாம் ஒரு நிமிடம் நடுங்கின.

பார்ப்பதுதான் குற்றமே தவிர, கேட்பதற்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. துளசிமணி மண்டபக் குரலில் படிக்கத் தொடங்கினாள்.

“செங்குளம் மசோதா, முதல் வாக்கெடுப்பு. நம்ம நவநீதராஜன் போட்ட ஓட்டு: ஆதரவு. ஏனுங்க, கேக்குதுங்களா? ஆதரவு. கொடை கொடுத்தவங்க: முதல் பேரு அந்தக் கணிப்பு நிலையம். ரெண்டாவது பேரு அவங்க மச்சான் கம்பெனி. மூணாவது, மச்சானோட மச்சான். தொகுதிக்கு வந்தது: ஒரே ஒரு தடவை, கிடாவிருந்துக்கு.”

குடைகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் திரும்பவில்லை, யாரும் நகரவும் இல்லை. பேருந்து வந்தது, ஏற ஆளில்லாமல் போயிற்று. அவள் ஒரு மணி நேரம் படித்தாள். குரல் ஆற்றைத் தாண்டிப் பக்கத்துத் தொகுதிக்கும் கேட்டு அங்கேயும் நாலு பேர் அவரவர் உறுப்பினரைத் திட்டினார்கள் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த காலை எதிர்க்கண் வந்தது. சன்னல் வழியாக நுழைந்து நடுக்கூடத்தில் மிதந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஜப்பார் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மண்டபத்தில் ஆயிரம் கல்யாணங்களுக்கு வாசலில் நின்று கைகூப்பியவள் துளசிமணி. வீட்டுக்குள் வந்தது எதுவானாலும் அவளுக்கு ஒறம்பரைதான், விருந்தாளிதான். “வாங்க வாங்க” என்று நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டாள். கண் வேறு வழி தெரியாமல் அதன் மேல் போய் இறங்கியது. அதன் முன்னால் ஒரு டம்ளர் காபியும் ஒரு தட்டு முறுக்கும் வைத்தாள். “எடுத்துக்குங்க. கூச்சப்படாதீங்க.”

கண்ணிலிருந்து ஒரு சலித்த குரல் வந்தது. “அம்மா, நான் நவநீதராஜன் பேசறேனுங்க. காபியெல்லாம் எதுக்கு. ஒரு மணி நேரம் நான் பாத்தாகோணும். நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க.”

“எம்.எல்.ஏ.வே வந்திருக்கீங்களா? ஆபீஸ் ஆளுங்க யாராச்சும் பாப்பாங்கன்னு நெனச்சேனுங்க.”

“ஆள வெச்சுப் பாத்தா பதவி போயிருமுங்க. மக்களோட அந்தரங்கத்தக் கண்டவன் பாக்கக்கூடாதுன்னு கோர்ட்டு அப்பவே சொல்லிப்போட்டுது. பாக்கவேண்டிய நேரம் பாக்கி இருந்தா அவையோட கதவே எனக்குத் தொறக்காது. நீங்களா மனசு வெச்சுத் தள்ளுபடி பண்ணுனாத்தான் உண்டு. காலைல ஒரு கூட்டம் வேற இருந்துச்சு, உங்களால அது போச்சு.”

துளசிமணி முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள். சட்டத்தை எழுதியவர்கள் ஒருவரும் தங்களைப் பார்க்கமாட்டார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் கதவின் சாவியை வெளியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளுக்கு வந்த சிரிப்பை அடக்க முந்தானை போதவில்லை.

“அதென்னங்க, அந்தக் கேரம் பலகைகிட்ட ரெண்டு டம்ளர் இருக்குது?” என்றது கண். நாற்காலியை விட்டு எழும்பி, கேரம் பலகையைச் சுற்றியது. பின்வாசலில் கிடந்த பெரிய செருப்பின் மேல் நின்றது. குரலில் சலிப்புப் போய்ச் சர்க்கரை ஏறியது. “வீட்டுல வேற ஆரோ இருக்காங்க போல. வெள்ளை வலைத் தொப்பி ஒண்ணு கொடியில காயுது. உங்க பையன் பெரிய கம்பெனில இருக்காப்லன்னு கேள்விப்பட்டேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியோணுமாங்கம்மா? வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க அந்தப் பலகைப் பக்கம் போகாம இருந்தா, நான் எதையும் பாக்கலீன்னு வெச்சுக்கறேன்.”

துளசிமணி மகனை நினைத்தாள். அவன் முகம் சுருங்கும் விதம் அவளுக்குத் தெரியும். அவன் அப்பாவைப் போலவேதான். சுவரில் இருந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக அந்த மனுஷன் தன் சொந்த ஊரில் திருடனைப் போலக் கொல்லை வழியாக வந்துபோகிறார் என்று யோசித்தாள். அவமானம் என்று ஏதாவது இருந்தால் அதுதான் அவமானம்.

“ஏனுங்க, வெளிய வாங்க” என்று சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். “ஒறம்பரை வந்திருக்குது. ஒளிஞ்சுட்டு நின்னா என்ன நெனப்பாங்க?”

ஜப்பார் வந்தார். ஆறடியும் கொஞ்சம் குறைந்து தெரிந்தது. துளசிமணி அவர் பக்கத்தில் போய் நின்றாள். “இவரு பேரு ஜப்பார். எனக்கு வேண்டியவரு. தெனமும் வருவாரு. நல்லாப் பாத்துக்குங்க, இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. ஊருக்குக் காட்டறப்ப என்ற எடது பக்கம் காட்டுங்க, அந்தப் பக்கம்தான் நான் லட்சணமா இருப்பேன்.”

அப்புறம் இருவரும் கேரம் ஆடினார்கள். மீதி நேரம் முழுக்க நவநீதராஜன் அதைப் பார்த்தாக வேண்டியிருந்தது. ஜப்பார் சிவப்புக் காயைப் போட்டபோது கண்ணிலிருந்து தன்னையறியாமல் ஒரு “சபாஷ்” வந்ததாகத் துளசிமணி சொல்வாள். அதையும் பாதி கழித்துக்கொள்ளலாம்.

உறுப்பினர் காட்சியை ஊருக்கு அனுப்புவதற்கு முன்பாகவே அவள் தெருவில் இறங்கிவிட்டாள். கரைத்தெரு முழுக்கக் கேட்கும்படி தானே சொன்னாள். சில சன்னல்கள் படீரென்று சாத்தப்பட்டன. “இந்த வயசுல இதுக்கு ஒரு துணிச்சல் பாரு” என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. பிரணவ் கூப்பிட்டான்.

“என்னம்மா இது? நான் எப்படி வெளிய தல காட்டறது?”

“குடை இருக்குதல்ல கண்ணு, புடிச்சுட்டுப் போ” என்றாள். அவன் வைத்துவிட்டான். அவள் மூக்கைச் சிந்திவிட்டு மடக்கு நாற்காலியைத் தூக்கினாள்.

பலகையடியில் நின்று விஷயத்தைச் சொன்னாள். “நாம ஆளுக்கு ஒரு மணி நேரம் பாத்தா, அந்தாளு நம்ம ஒவ்வொருத்தரையும் ஒரு மணி நேரம் பாத்தாகோணும். பாத்து முடிக்காம ஓட்டுப் போட முடியாது. என்னைவிடக் கேவலமா உங்க வீட்ல என்ன இருந்துரப் போகுது?”

வெகுநேரம் ஒரு குடையும் அசையவில்லை. முதலில் மடக்கியவள் அழகுநிலையம் நடத்தும் சுகந்தி. “என்ற பேரு சொல்லி விக்கற முக எண்ணெய் வெறும் கடலையெண்ணெய்தானுங்க. தெரிஞ்சா தெரியட்டும்” என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். சுத்த சைவம் என்று பேர் வாங்கியவர் ஈரல் வறுவலை ஒப்புக்கொண்டார். பகலெல்லாம் புருஷனை அதட்டுகிறவள் அவனுக்குக் கால் பிடித்துவிடுவதாகச் சொன்னாள். குடை மடங்கும் சத்தம் பட்டாசுச் சரம் போல ஊர் முழுக்க ஓடியது. வியாழக்கிழமைக்குள் நொய்யல்பாளையத்தில் பார்க்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். அதுகளும் பார்த்தன, கணக்கில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நவநீதராஜன் அவையின் வாசலுக்கு வந்தபோது கதவு திறக்கவில்லை. பார்வைப் பாக்கி, மூன்று ஆட்சிக்காலம் உட்கார்ந்து பார்த்தாலும் தீராது என்று கதவு சொன்னது. உள்ளே ஒரே ஒரு வாக்குக் குறைவில் மசோதா விழுந்தது. அந்த நேரத்தில் செங்குளத்து மீன்களெல்லாம் ஒன்றாகத் துள்ளினவாம். இதைக் கழிக்கவே வேண்டாம், துளசிமணியே கண்ணால் பார்த்தாளாம்.

பிரணவ் இன்னும் பேசவில்லை. சுகந்தி கடையில் கூட்டம் குறைந்தது, பிறகு கடலையெண்ணெய் என்றே பெயர் போட்டு விற்றதில் கூடியது. ஜப்பார் முன்வாசல் வழியாக வரத் தொடங்கினார். முதல் நாள் படியில் கால் தடுக்கியது, பழக்கமில்லை.

அடுத்த வாக்கெடுப்பு அறிவிப்பு வந்த அன்று, கரைத்தெருவில் ஒரு வெள்ளைவேட்டி தனியாக நடந்து வந்தது. கார் இல்லை, ஆட்கள் இல்லை. தள்ளுபடி கேட்க நவநீதராஜன் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். எந்த மசோதா, எந்தப் பக்கம் ஓட்டு, ஏன் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டியிருந்தது. திருப்தியானவர்கள் தள்ளுபடி செய்தார்கள், மற்றவர்கள் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். இதற்குள் அவர் நூற்றுக்கணக்கான வீடுகளை உட்கார்ந்து பார்த்திருந்தார். யார் வீட்டில் குழாய் காற்றடிக்கிறது, யார் மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்குகிறார்கள், யார் விருந்தாளி வந்தால் தான் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. தெரிந்த பிறகு அவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத்தான் முடியவில்லை. கையில் ஒரு குடை வைத்திருந்தார். அதை விரித்து, சன்னல்கள் இருந்த பக்கமாகக் கன்னத்தோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வாசலில் நின்ற துளசிமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதை ரசித்துப் பார்த்தாள். ஜப்பார் உள்ளிருந்து மூன்றாவது நாற்காலியைக் கொண்டுவந்து கேரம் பலகைக்குப் பக்கத்தில் போட்டார்.

“ஏனுங்க எம்.எல்.ஏ., குடைய மடக்கிட்டு உள்ள வாங்க” என்றாள். “காபி ஆறுது. இந்தத் தடவ எந்தப் பக்கம் ஓட்டுன்னு குடிச்சுட்டே சொல்லுங்க.”