கேட்காமல் போட்ட டிக்

மெல்போர்னில் அன்று காலையிலிருந்தே சாரல். டிராம் நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே ஒடுங்கி நின்றிருந்தாள் ஜின்யா.

"ரெண்டே நிமிஷம்... நீங்களும் சீனாதானே? என் எம்.ஏ. ஆய்வுக்காக ஒரு கருத்துக்கணிப்பு..."

நிமிர்ந்தாள். எதிரே ஓர் இளைஞன். ஈர மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... மழையில் கழுவி வைத்த மாதிரி. சரி என்று தலையசைத்துவிட்டாள். தன் பெயர் போஹான், சொந்த ஊர் நிங்போ என்று சொல்லிக்கொண்டான். 'வெளிநாட்டில் சீன மாணவர்களின் செலவுப் பழக்கங்கள்.' அவன் கேட்க, அவள் சொல்ல, நாலு கேள்வி நல்லபடியாகப் போயிற்று. ஐந்தாவதற்கு அவன் வாயைத் திறக்கவே இல்லை. அவள் தோளில் தொங்கிய விலை உயர்ந்த பையைப் பார்த்தான், டிக் போட்டான்.

"நில்லுங்க. என்ன டிக் போட்டீங்க?"

"ஆடம்பரப் பொருள் வாங்கக் காரணம்... அந்தஸ்தைக் காட்ட."

"நான் சொன்னேனா?"

"அதான் பையே சொல்லுதே..." என்று சிரித்தான்.

அவ்வளவுதான். அவளுக்கு முகமெல்லாம் கொதித்தது.

"எங்கம்மா எங்க ஊர் சுன்யீல பஸ் ஓட்டுறாங்க. போன இடத்துல யாரும் எம்பொண்ணை இளக்காரமா பாக்கக்கூடாதுன்னு வாங்கித் தந்த பை இது. இந்த ஊர்க்காரங்க நம்மளை நடமாடுற பர்ஸாத்தான் பாக்குறாங்க. நம்மாளு நீங்களுமா?"

தாளைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்து அவன் கையிலேயே திணித்தாள். வந்த டிராமில் ஏறிவிட்டாள். அந்தக் கண்கள் மட்டும் கூடவே ஏறிக்கொண்டன... சனியன்!

இரண்டு வாரம் கழித்து நூலக வாசலில் ஒரு சுவரொட்டி. அதே தலைப்பு, அதே பெயர்; அன்று மாலை கருத்தரங்கில் ஆய்வு முடிவுகளை வாசிக்கிறானாம். எல்லோர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பேராசிரியர் சிரித்தபடி, "ஆக, எல்லாம் பகட்டு. அப்படித்தானே?" என்றார்.

போஹான் கையிலிருந்த தாள்களை மூடி வைத்தான்.

"இல்லை. காரணத்தைக் கேட்காம நானே டிக் போட்டிருக்கேன். ஒரு பெண் சண்டை போட்ட பிறகுதான் புரிஞ்சுது. இங்க வந்த புதுசுல வகுப்புல யாரும் என் பக்கத்துல உட்காரலை. உடனே நான் போய் வாங்கினது விலை உயர்ந்த ஷூ. இதையெல்லாம் பகட்டுன்னு எழுத என்னால முடியாது. முடிவுகளைத் திரும்பப் பெறுகிறேன்."

பேராசிரியர் முகம் கறுத்தது. ஜின்யா எழுந்து வெளியே நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"என் கதையை ஊர் பூரா சொல்லுவீங்களா?" என்று சீறினாள்.

"பேர் சொல்லலையே..."

"தெரிஞ்சாத்தானே சொல்லுவீங்க!"

"தெரியாது. அன்னிலேர்ந்து தூக்கமும் இல்லை. இனிமே யாரைப் பத்தியும் நானா முடிவு பண்ண மாட்டேன். ஆனா என்னைப் பத்தி ஒண்ணு நிச்சயமா தெரியும்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் குனிந்து அவன் ஷூவைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் இதைப் பற்றிச் சொல்ல இவனுக்கு என்ன தலையெழுத்து...

"ஜின்யா," என்றாள்.

"ஆங்?"

"என் பேரு. எனக்கும்... பிடிச்சிருக்கு. அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. கோபம் அப்படியேதான் இருக்கு!"