படுவான்கரையில் கட்டிய ஒட்டு

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வடிஞ்ச கையோட, என்ட புருசன் ஜெயராஜாவைக் கூட்டிவர வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனன். அங்க ஒரு வெள்ளைக்காரத் துரை எங்கெங்கேயோ இருந்து மரம் கொண்டுவந்து நட்டு, படிச்ச ஆக்கள் வந்து பார்க்கிற தோட்டம் வச்சிருந்தார். என்ட மனிசன் அதில, ஒரு மரத்துக் கொப்பை இன்னொரு மரத்தில சேர்த்து ஒட்டுக் கட்டுறவர். துரை செத்து, தோட்டத்துக்குள்ளேயே குழி வெட்டித் தாட்டும் ஆச்சு. அதுக்குப் புறகும் இந்த மனிசன் வீட்ட வரல்ல. எனக்கு வந்த கோவம் சொல்லேலாது.

பட்டப்பகல்தான். தோட்டத்துக்குள்ள வெயிலே இல்ல. ஊறின மண் மணம். ஒரு குருவிகூடக் கத்தல்ல. திரும்பிப் பார்த்தன்.

வந்த பாதையைக் காணல்ல.

துரையைத் தாட்ட இடத்தில நிண்ட மரத்தில சாஞ்சுகொண்டு நிண்டார் இவர்.

"இஞ்சேருங்க, வீடு வாசல் ஒண்டும் இல்லையா உங்களுக்கு?"

"மெதுவாக் கதை கா, மார்கிறட்."

அவர்ட வலக்கையை ஒரு கொப்போட சேர்த்து, சாக்கால சுத்தி, தும்புக் கயித்தால கட்டியிருந்துது. அவிழ்த்தன்.

மாதாவே! தோலும் பட்டையும் ஒண்டாப் போயிருந்துது.

"ஆர் கட்டினது?"

"எனக்குக் கட்டப் படிப்பிச்சவர்." காலுக்குக் கீழ மண்ணைப் பார்த்தார். "கண்ணயர்ந்திட்டன் கா. எழும்பக்குள்ள கட்டியிருந்துது."

கீழ கிடந்த அவர்ட கத்தியை எடுத்தன்.

"கொப்பை வெட்டாத!" இடக்கையால என்னைத் தடுத்தார். "ஒட்டுப் பிடிச்சிட்டு. கொப்பை வெட்டினா அது என்னில வந்து வளரும். என்ட உடம்பில எனக்கு இடமில்லாமப் போயிரும். கையை வெட்டு."

கட்டின புருசன்ட கையை வெட்ட எனக்கு மனம் வருமா? அந்தக் கையாலதானே எங்களுக்குச் சோறு. பேய்க்கதை கதைக்காம நில்லுங்க எண்டு ஏசிப்போட்டுக் கொப்பைத்தான் வெட்டினன்.

"மார்கிறட்!"

குரல் அவர்டதான். கத்தினது அவர்ட வாய் இல்ல.

மரம்.

அவர் நிமிர்ந்தார். சாறனைத் தட்டினார். என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தார். பாதை தானாத் திறந்துது. தோணியில ஏறின புறகு மரியாதையாக் கேட்டார்:

"வீடு எந்தப் பக்கம்?"

மேற்கால வீசுற கச்சான் காத்து வாவியைத் தாண்டி வரக்குள்ள இண்டைக்கும் கேட்கிது.

"மார்கிறட், என்னை விட்டுட்டுப் போகாத."

நான் பாயை விட்டு எழும்புவன். பக்கத்தில படுத்திரிக்கிறவர் வலக்கையால என்னைப் பிடிச்சு, "காத்துத்தான், படு" எண்டுவார்.

விடமாட்டார்.